குல்மார்க் போகிற என் பிள்ளைகளுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

1998-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்கள் எல்லாரும் நாற்பதைத் தாண்டிவிட்டதைக் கொண்டாட, வருகிற பிப்ரவரியில் காஷ்மீருக்குப் போய் பனிச்சறுக்குப் பழகுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நல்ல யோசனை. இமயமலையை நான் உங்களுக்கு வரைபடத்தில் குச்சி வைத்துக் காட்டிய காலத்தில் நானே மதுரைக்கு வடக்கே போனதில்லை.

மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் பேச்சு நடக்கிறது. விமானமா ரயிலா, ஸ்ரீநகரா குல்மார்க்கா, எந்த ஓட்டல் என்று. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன் என்பது பலருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. ரயில் என்று ஆரம்பித்த பேச்சு நாலாம் நாள் விமானம் ஆனது. சாதாரண அறை போதும் என்றவர்கள், வெந்நீர் நீச்சல்குளம் உள்ள விடுதியின் படத்தைப் போட ஆரம்பித்தார்கள். அந்தப் படம் வந்த ராத்திரி மூன்று பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். சின்ன எழுத்தில் அந்த மூன்று வரி வந்தது. ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த செய்தி, நீச்சல்குளத்துக்கு என்ன உடை எடுத்து வரணும் என்பது.

அதனால்தான் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரவர் கைக்கும் விடுமுறைக்கும் ஏற்றபடி எப்படி வேண்டுமானாலும் போய்ச் சேருங்கள். ஆனால் தங்குவது எல்லாரும் ஒரே இடத்தில், அதுவும் மேலே குல்மார்க்கிலேயே தங்குங்கள். அந்த இடத்தின் வாடகையை, உங்களில் குறைவாகச் சம்பாதிக்கிறவரால் கொடுக்க முடிகிற அளவில் வையுங்கள்.

இதை வெறும் பாசத்தில் சொல்லவில்லை. 2024 பிப்ரவரியில் மகள் குடும்பத்தோடு போய் நாலு இரவு அங்கே தங்கினேன். பேரன் சறுக்கப் பழகினான், நான் வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் நிறையத் தெரியும்.

முதலில் ஊரைப் புரிந்துகொள்ளுங்கள். ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க் கிட்டத்தட்ட அதே உயரம், 2,650 மீட்டர். ஆனால் அது உச்சி இல்லை, மலைக்கு நடுவில் விரித்துப் போட்ட ஜமுக்காளம் மாதிரி ஒரு புல்வெளி. குளிர்காலத்தில் முழுக்க வெள்ளை. அதன் ஓரத்திலிருந்து கோண்டோலா என்கிற கம்பிவடப் பெட்டி இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 3,000 மீட்டரைத் தாண்டிய கோங்தூரி வரை. இரண்டாவது, 3,900 மீட்டருக்கும் மேலே அஃபர்வத் மலை வரை. உலகம் முழுவதிலிருந்தும் தேர்ந்த சறுக்கு வீரர்கள் வருவது அந்த இரண்டாம் கட்டத்துக்காக. உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் பழகப்போவது கீழே புல்வெளி ஓரத்தில் உள்ள சின்னச் சரிவுகளில். அங்கேதான் வாடகைக் கருவிகளும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள்.

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் ஐம்பது கிலோமீட்டர்தான். "ஒன்றரை மணி நேரம், தினமும் போய் வந்துவிடலாம், அறையும் மலிவு" என்று குழுவில் ஒருவர் கணக்குப் போட்டிருந்தார். கோடைகாலத்துக்கு அந்தக் கணக்கு சரி. பனிக்காலத்தில் கடைசி 13 கிலோமீட்டர்தான் மொத்தக் கணக்கையும் தின்றுவிடும். டாங்மார்க் என்கிற ஊரிலிருந்து மலைப்பாதை தொடங்குகிறது. புதுப்பனி விழுந்த நாளில் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டாத வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் அல்லது சங்கிலி போட்ட வண்டிக்கு மாற வேண்டும். வாடகை பேச வேண்டும். முன்னால் ஒரு வண்டி வழுக்கி நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

எங்களோடு விமானத்தில் வந்த ஒரு மதுரைக் குடும்பம் ஸ்ரீநகரில் தங்கித் தினமும் மேலே வந்தது. காலை ஏழரைக்குக் கிளம்புவார்கள். பதினொன்றரைக்குச் சரிவில் காலை வைப்பார்கள். காலணி மாட்டி, கட்டை பூட்டி, இரண்டு தடவை விழுந்து எழுவதற்குள் பகல் இரண்டு. மூன்று மணிக்கு டிரைவர் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார், இருட்டுவதற்குள் இறங்கணும் என்று. அதற்குள் என் பேரன் காலை ஒன்பதரைக்கே சரிவில் நின்று, மதியம் வந்து சாப்பிட்டு, மறுபடியும் போய்விட்டான். எங்கள் அறையிலிருந்து சரிவு பத்து நிமிட நடை. அவர்கள் நாலு நாளில் பழகியதை அவன் ஒன்றரை நாளில் பழகினான். அறை வாடகையில் அவர்கள் மிச்சம் பிடித்த காசு ஜீப்புக்குப் போய்விட்டது என்று அந்த அம்மாவே என்னிடம் சொன்னார்.

டாங்மார்க்கில் தங்கலாமே என்பீர்கள். மலிவுதான், நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த 13 கிலோமீட்டருக்குக் கீழேதானே அதுவும் இருக்கிறது? காலையில் அதே சங்கிலி, அதே ஜீப். கீழே ஆறு இரவு தங்குவதை விட மேலே நாலு இரவு தங்குவது மேல். நாலுக்குக் குறைக்காதீர்கள். ஒரு நாள் பனிக்காற்றில் வீணாகப் போகும், ஒரு நாள் உடம்பு வலியில் போகும். முதல் நாள் விழுந்து எழுவதைத்தான் சொல்லித் தருவார்கள். இரண்டாம் நாள்தான் கட்டைகளின் முனையை உள்பக்கம் சேர்த்து 'ஆப்பு' மாதிரி வைத்து நிற்கப் பழகுவீர்கள். நிற்கத் தெரியாமல் சறுக்கத் தெரிந்து ஒரு பயனும் இல்லை. நாற்பது வயது முழங்கால்களுக்கு இதை ஞாபகப்படுத்துகிறேன்.

இப்போது ஒருவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "வசதி உள்ளவன் நல்ல ஓட்டலில் இருக்கட்டும் டீச்சர், மற்றவன் லாட்ஜில் இருக்கட்டும். பகலில் சரிவில் சந்தித்துக்கொள்வோம்." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் பனிச்சறுக்கில் பகல் நேரம் யாருக்கும் யாரோடும் பேச முடியாது. ஒவ்வொருவரும் தன் காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும். ஆறு மணிக்கு இருட்டு. வெளியே பூஜ்யத்துக்கும் கீழே குளிர், காலாற நடக்கக்கூட முடியாது. ஆறிலிருந்து பத்துவரை நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அந்த நாலு மணி நேரம்தான் உங்கள் ஒன்றுகூடல். இரண்டு கட்டடத்தில் பிரிந்து தங்கினால் அந்த நேரம் கிடையாது. இருபத்தைந்து வருஷம் கழித்துக் கூடுகிறவர்கள் எதிர் எதிர் விடுதி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்கா 3,000 கிலோமீட்டர் போக வேண்டும்?

நெருப்பு என்றதும் ஒரு விஷயம். காஷ்மீரில் அறை பேசும்போது இரண்டு வார்த்தை வரும். புகாரி, ஹமாம். நமக்குப் புகாரி என்றால் மவுண்ட் ரோடு பிரியாணி, ஹமாம் என்றால் சோப்பு. அங்கே புகாரி என்பது விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு, புகை போகக் குழாய் வைத்தது. ஹமாம் என்பது கல் தளத்துக்குக் கீழே தீ மூட்டித் தரையையே சூடாக்குகிற அறை. ஹமாம் உள்ள கூடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள், இருபது பேர் அதில் கால் நீட்டி உட்காரலாம். படுக்கையில் மின்சாரப் போர்வை இருக்கிறதா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணிவரை ஓடும், குழாய் உறைந்தால் வெந்நீர் வாளியில் வருமா, இதெல்லாம் கேளுங்கள். ஜன்னல் வழியே மலை தெரியுமா என்று கேட்க வேண்டாம், அங்கே எந்த ஜன்னலிலும் மலைதான். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியவிட்டுத் தூங்கக் கூடாது. வாசனையே இல்லாத வாயு, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எட்டாம் வகுப்பு அறிவியலில் கார்பன் மோனாக்சைடு படித்தீர்கள், மறந்திருந்தால் இப்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நட்சத்திர ஓட்டல் தவிர அங்கே நடுத்தர லாட்ஜுகள் இருக்கின்றன, ஜம்மு காஷ்மீர் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் குடில்கள் இருக்கின்றன. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் ஒன்று குல்மார்க்கிலேயே இருக்கிறது. முறையாகப் பழக வேண்டும் என்றால் முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள். தேதியும் வயது வரம்பும் ஒத்துவந்தால் அதற்கு மேல் வேறொன்றும் தேட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் சந்தித்தவர்கள் இன்னொரு பள்ளிக்கூடத்தில் தங்கினால் பொருத்தமாகவும் இருக்கும்.

எப்படிப் போவது என்பதில் நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். விடுமுறை குறைவாக உள்ளவர்கள் விமானத்தில் வரட்டும். சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஒரே பகலில் ஸ்ரீநகர். ஆனால் பனியோ மூடுபனியோ வந்தால் ஸ்ரீநகர் விமானம் ரத்தாகும், அது அங்கே சாதாரணம். அதனால் திரும்புகிற நாளுக்கு முந்தின ராத்திரியே மலையிலிருந்து இறங்கி ஸ்ரீநகரில் தூங்குங்கள். விமான நிலையத்துக்குள் போவதற்கு முன்பே, வாசலுக்கு வெளியே ஒரு சோதனைச் சாவடியில் மூட்டை எல்லாம் இறக்கி ஏற்ற வேண்டியிருக்கும், நேரம் வைத்துக்கொள்ளுங்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள், ஸ்ரீநகரிலிருந்து டெல்லி வந்த அன்றைக்கே வெளிநாட்டு விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் எடுக்கவே கூடாது. நடுவில் ஒரு முழு நாள் இருக்கட்டும்.

ரயிலில் போகிறவர்களுக்கு இப்போது நல்ல காலம். 2025 ஜூன் 6-ம் தேதிதான் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி வந்தே பாரத் தொடங்கி வைக்கப்பட்டது. மூன்று மணி நேரப் பயணம். ஆரம்பத்தில் சாதாரண இருக்கைக்கு 715 ரூபாய் வைத்தார்கள். வழியில் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலம். ஈஃபில் கோபுரத்தை விட உயரம். பீர் பஞ்சால் மலைக்கு அடியில் 11 கிலோமீட்டர் நீளச் சுரங்கம். நாங்கள் போனபோது இந்த வழி இல்லை. மலைச்சரிவு விழுந்து ஜம்மு–ஸ்ரீநகர் சாலை நாள் கணக்கில் மூடிக் கிடக்கிற செய்தியைக் குளிர்காலம் தோறும் பார்த்தவர்களுக்கு இந்த ரயிலின் அருமை புரியும். எனக்கே இதற்காக இன்னொரு தடவை போக ஆசை.

கட்ராவரைக்கும் நமக்குப் பழைய ஹிம்சாகர் இருக்கிறது. கன்னியாகுமரியில் ஏறினால் கேரளா, கோயம்புத்தூர், சேலம் வழியாக 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி மூன்று இரவு கழித்துக் கொண்டுபோய் விடும். வாரத்துக்கு ஒன்றுதான். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ். படுக்கை வகுப்பு டிக்கெட், விமானக் காசில் கால்வாசிகூட ஆகாது. பிப்ரவரியில் நாக்பூருக்கு மேலே குளிரும், இரண்டு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கட்ராவில் ஒரு இரவு தங்கி, காலை ரயிலைப் பிடியுங்கள். அந்த இடைவெளியில் வைஷ்ணவ தேவி கோயிலுக்கு மலை ஏறலாம் என்று பக்திமான்கள் திட்டம் போடுவீர்கள். சறுக்கி முடித்துத் திரும்பி வரும்போது ஏறுங்கள் தாயே. போகும்போதே ஏறினால் குல்மார்க்கில் கட்டிலில்தான் சறுக்கணும்.

போக வர பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்குக் கடையை அத்தனை நாள் மூடுவதும் செலவுதான், அதையும் நான் மறக்கவில்லை. வர முடிந்தவர் ரயிலில் வரட்டும், திரும்பும்போது மட்டும் விமானம் என்றாலும் சரி. அதை அவரவர் முடிவு செய்யட்டும்.

தேதியைப் பற்றி இரண்டு வரி. டிசம்பர் 21-ல் தொடங்கி நாற்பது நாள் 'சில்லை கலான்' என்று காஷ்மீரிகள் சொல்கிற கடுங்குளிர் காலம். பனி அப்போதுதான் கொட்டும் என்பது பழைய கணக்கு. 2024 ஜனவரியில் குல்மார்க் மொட்டையாகக் கிடந்த படத்தைப் பார்த்துத்தான் என் மகள் பயணத்தைப் பிப்ரவரிக்கு மாற்றினாள், பிப்ரவரியில் விழுந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் பிப்ரவரி மூன்றாவது வாரத்துக்கு மேல் வையுங்கள். முன்பணம் முழுதும் கட்டாதீர்கள், தேதி மாற்றித் தருகிற லாட்ஜாகப் பாருங்கள்.

வீட்டில் பயப்படுகிறார்கள் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். 2025 ஏப்ரல் 22-ல் பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு எந்த அம்மாவும் மனைவியும் பயப்படத்தான் செய்வார்கள். அதைக் கேலி செய்து ஸ்டிக்கர் போட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கிளம்புகிற வாரத்து நிலைமையைப் பார்த்து முடிவு எடுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் மணாலிக்குப் பக்கத்தில் சோலாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சரிவு சின்னது, பழகுகிறவர்களுக்குப் போதும். இன்னொன்று, வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் எண் உள்ளவர்கள் யார் யார் என்று எழுதி, எல்லார் வீட்டுக்கும் அந்த எண்களைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பாதிப் பயம் அதில் போய்விடும்.

கோண்டோலா டிக்கெட் இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். மேலே போய்ப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்கி வாருங்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிச் சறுக்கலாம் என்று யார் ஆசை காட்டினாலும் போகாதீர்கள். 2023-ல் அஃபர்வத்தில் பனிச்சரிவில் இரண்டு போலந்து நாட்டவர் இறந்தார்கள். நாங்கள் இறங்கி வந்த சில நாளில், 2024 பிப்ரவரி 22-ல், ஒரு ரஷ்யர் இறந்தார். அவர்கள் உங்களைப் போலப் புதிதாகக் கட்டை கட்டினவர்கள் இல்லை.

கடைசியாக அந்த மூன்று பேர் விஷயம். பள்ளிச் சுற்றுலாவுக்கு 40 ரூபாய் என்று அறிவித்தால் எத்தனை கை தூக்கும், 15 ரூபாய் என்றால் எத்தனை கை தூக்கும் என்பது எனக்கு முப்பது வருஷப் பாடம். பெயர் கொடுக்காத பிள்ளைகள் காசு இல்லை என்று சொன்னதே கிடையாது. "வயித்துவலி டீச்சர்" என்பார்கள். வெளியேறின மூவரில் ஒருவருக்குப் போன வாரம் போன் செய்தேன். "கடையில ஆள் இல்ல டீச்சர்" என்றார். குரல் அதே குரல்.

இதைப் படித்ததும் "நாங்கள் அவர்களுக்கும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்" என்று நல்ல மனசோடு யாராவது குழுவில் எழுதப் போகிறீர்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். நாற்பது வயதில், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால், இன்னொருவன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் போக யாருக்கும் மனசு வராது. வாடகை குறைந்தால் யாருக்கும் யாரும் கடன்பட வேண்டியதில்லை. மேலே நாலு இரவு, ஒரு அறைக்கு மூன்று பேர், கூடத்தில் ஹமாம், காலையும் ராத்திரியும் அங்கேயே சாப்பாடு. கருவி, உடை, பயிற்சியாளர் மூன்றையும் மொத்தமாகப் பேசி, எல்லாருக்கும் ஒரே தொகை. முழங்கால்வரை வரும் பூட்ஸும் கோட்டும் டாங்மார்க்கில் வாடகைக்குக் கிடைக்கும், யாரும் புதிதாக வாங்க வேண்டாம். வெந்நீர் நீச்சல்குளம் வேண்டும் என்கிறவர்கள் குடும்பத்தோடு இன்னொரு தடவை போய் அனுபவியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும். டிசம்பர் நடுவில் திறந்துவிடும், அதற்குள் லாட்ஜ் பேசி முடித்தாக வேண்டும். வகுப்புத் தலைவனாக இருந்தவன் இப்போதும் குழுவின் அட்மின்தானே? மூன்று பேர் வீட்டுக்கும் அவனே நேரில் போகட்டும். செய்தி அனுப்பக் கூடாது, போன் கூடாது, நேரில். போய்விட்டு வந்து எனக்குச் சொல்லு ராசா. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன்.